ஓட்டோவின் பெயர்ப்பலகை

ஜூலை மாதம். மொண்டெவிடேயோவில் நடுக்குளிர்.
ஷட்டருக்கு அடியில் நுழைந்து
கணுக்காலைத் தேடிக் கடிக்கிறது ஆற்றுக்காற்று.
எல்பியோவின் உதிரிபாகக் கடைக்கு
ஏழரைக்குமேல் பிரேக் கட்டை கேட்டு யாரும் வருவதில்லை.
கிரீஸ் வாசத்துக்கு நடுவே நாங்கள் நாலு பேர்,
ஒரே குழலில் சுற்றிவரும் கசப்பு மாத்தே,
சுவரில் ஆணியடித்த படுக்கை விரிப்பு.
அதுதான் எங்கள் வெள்ளித்திரை.

வியாழன்தோறும் இதே கச்சேரி.
எந்தக் குள்ள நாயகன் பழப்பெட்டிமேல் ஏறி முத்தமிட்டான்,
எந்தப் பனிப்புயலில் பறந்தது சோப்புத்தூள்,
எந்த மரணப்படுக்கையில்
செத்தவரின் மூக்கு அரைநொடி துடித்தது.
நெலிதாவுக்குத் தன் தொலைபேசி எண் நினைவில்லை.
சிகை அலங்காரம் செய்தவர்களின் பெயர்களை மட்டும்
இனிஷியலோடு ஒப்பிப்பாள்.

இந்த வாரம் ‘ஈரக் கையுறை’.
கடைசிக் காட்சி ஓடி முடிந்ததும்
வால்டெமர் தொண்டையைச் செருமினான்.
"இந்தத் துண்டை ஃபிலிமில் இடம்வலமாகத் திருப்பி
ஒட்டியிருக்கிறார்கள்" என்றான்.
"படம் முழுக்கக் கவனியுங்கள்:
ஊருக்குள் வரும் ரயில் வலப்பக்கம் ஓடும்,
வெளியே போவது இடப்பக்கம்.
இது இடப்பக்கம் போகிறது, ஆனால்
எடுத்தபோது வலப்பக்கம்தான் போயிருக்கிறது.
அவள் அவனை விட்டுப் போகவில்லை.
திரும்பி வருகிறாள்.
கண்ணீர் விற்கும் என்று எவனோ புரட்டிவிட்டான்."

யாரும் உறிஞ்சவில்லை.
மாத்தே என் கையிலேயே ஆறியது.

எல்பியோ ஒரு பாட்டில் கிராப்பா பந்தயம் கட்டினான்.
படத்தை நிறுத்தி மூவரும் விரிப்பருகே போய் நின்றார்கள்.
நடைமேடைக்குப் பின்னால் ஒரு முடிதிருத்தும் கடை,
அதன் பலகையில் ஓட்டோ என்று பெயர்.
வட்டம், கம்பம், கம்பம், வட்டம்.
கண்ணாடியில் பார்த்தாலும் அதே ஓட்டோ.
மேலே எண்கள் இல்லாத கடிகாரம்.
பத்தேகாலாக இருக்கலாம்,
புரட்டினால் ஒன்றேமுக்கால். இரண்டுமே ரயில் நேரம்தான்.
கல்யாண மோதிரம் எந்தக் கையில் என்று பார்க்கலாமென்றால்
படத்தின் பெயரே குறுக்கே நிற்கிறது.
ஓட்டோவைத் திட்டினாள் நெலிதா,
வேறு பெயர் கிடைக்கவில்லையா உன் அம்மாவுக்கு என்று.

நான் எழவில்லை.
இருந்த இடத்திலிருந்தே தெரிந்துவிட்டது எனக்கு.
சீருடைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம்
பொத்தான் துளை போட்டவள் நான்.
ஓரத்தில் பெட்டி தூக்கி நிற்கிறானே ஒரு கூலி,
அவன் கோட்டில் வலது மடிப்பு இடதின்மேல் ஏறியிருந்தது.
எந்தத் தையல்காரியும் ஆணுக்கு அப்படித் தைக்கமாட்டாள்.

பதினெட்டு வயதில், பைசாந்து நகரத்தில்,
இருவருக்கு வாங்கிய டிக்கெட்டில்
இரண்டு காட்சியும் தனியாக இந்தப் படம் பார்த்தேன்.
மறுநாள் விடியலில் பஸ் ஏறினேன்.
அடுப்பில் பாலும்,
கட்டிலில் ஒரு மனிதனும் இருந்தார்கள்.
கெட்டவன் இல்லை. குறட்டைகூட விடமாட்டான்.
அவளே போகிறாள், நீ என்ன என்று
ஜன்னல் கண்ணாடி கேட்டது.
அவ்வளவுதான் எனக்கு இருந்த துணிச்சல்,
கடன் வாங்கிய துணிச்சல்.

"இர்மா, உனக்கு என்ன தோன்றுகிறது?"
"பிரிண்ட் இருட்டு" என்றேன். "ஒன்றும் தெரியவில்லை."

கிராப்பாவைப் பொதுவில் குடித்தோம்.
அடுத்த வாரம் பூதக்கண்ணாடி கொண்டுவருவானாம் வால்டெமர்,
கூலியின் கோட்டிலிருந்து தொடங்குவானாம்.
நல்லது என்றேன்.
விரிப்பு அழுக்காக இருக்கிறதே என்று சொல்லி
ஆணி பிடுங்கி, நாலாய் மடித்து,
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இந்த ஊர்க் குளிரில் துணி காய
ஒரு வாரம் ஆகும்.
கூடவும் ஆகலாம்.